அழுத்தத்துக்குத் தப்பிய கிருமியும் நாம் அணைக்கும் சுவிட்சும்



ஆத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் சேலம் மாவட்டத்து ஆத்தூரைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நான் எழுதுவது காமராஜர் அணையும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த நம் திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூரிலிருந்து. மளிகைக்கடை நடத்துகிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் வியாபாரத்தோடு கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி ஒன்றும் கடையில் இருக்கிறது. அந்தக் குளிர்பெட்டி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

ஒரு கோடையில் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் புதுவகைப் பழச்சாறு பாட்டில்களைக் கொண்டுவந்து இறக்கினார். விலை அதிகம், லாபமும் அதிகம். "அண்ணே, இதில ரசாயனம் கிடையாது, காய்ச்சவும் இல்லை. பெரிய மெஷின்ல வச்சு அழுத்தியே கிருமி எல்லாத்தையும் கொன்னுடறாங்க. ராத்திரி பிரிட்ஜை ஆஃப் பண்ணினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். எனக்கு அது காதுக்கு இனிமையாக இருந்தது. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவு கடை சாத்தும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் அப்போது எனக்கு இருந்தது. நம்மில் பலருக்கும் இருக்கிறது. மறைத்துப் பயனில்லை.

பத்து நாள் கழித்து, வாடிக்கையாக வருகிற ஒரு பெரியவர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணே, மூடியைத் திறந்ததும் பொங்குது. பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணுக்கு வாங்கிட்டுப் போனேன்" என்றார். நல்லவேளை, அந்தப் பெண் குடிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். இன்னும் நாலு பாட்டில் உப்பியிருந்தது. பிரதிநிதியைக் கூப்பிட்டால், "லேபிளில் குளிரில் வைக்கவும் என்று போட்டிருக்கிறதே, நீங்கள் வைக்கவில்லை" என்று கைவிரித்துவிட்டார். பணம் போனது பெரிதல்ல. அந்தப் பெரியவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

உணவுத் தொழில்நுட்பம் படித்த என் தங்கை மகனைப் பிடித்து உட்காரவைத்து, இது என்ன சங்கதி என்று கேட்டேன். அவன் சொன்னதையும் அவன் படிக்கக் கொடுத்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

அழுத்தம் என்றால் எவ்வளவு அழுத்தம்?

நாம் மோட்டார் சைக்கிள் டயரில் அடிக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. இந்த இயந்திரத்தில் தண்ணீரின் மூலம் கொடுக்கும் அழுத்தம் சுமார் 6,000 கிலோ. கடலின் மிக ஆழமான பள்ளத்தில் இருப்பதைவிட ஐந்து மடங்குக்கு மேல். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் பாட்டில் நசுங்குவதில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பழத்தின் மணமும் நிறமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இது நேற்று வந்த வித்தையும் அல்ல. 1899லேயே அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த பெர்ட் ஹைட் என்பவர், அழுத்தம் கொடுத்தால் பால் சீக்கிரம் கெடுவதில்லை என்று காட்டினார். 1990ல் ஜப்பானில் இம்முறையில் செய்த ஜாம் கடைக்கு வந்தது. நம் நாட்டில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மாம்பழக் கூழை இப்படிப் பதப்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். நத்தம் மாம்பழமும், சிறுமலை அடிவாரத்துப் பன்னீர் திராட்சையும், நம் ஊர் இளநீரும் நாளை இந்த வழியில் பாட்டிலில் வரலாம். வரட்டும், விவசாயிக்கும் நமக்கும் நல்லதுதான். ஆகவே இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. "எல்லாக் கிருமியும் செத்துவிட்டது" என்று நம்மிடம் சொல்லப்படும் பேச்சைத்தான் குறை சொல்கிறேன்.

அடிபட்ட கிருமி என்ன செய்கிறது?

அழுத்தத்தில் மிகப் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடுகின்றன. சில குற்றுயிராகக் கிடக்கும். கிருமியின் உடம்பில் புரதங்கள் உருக்குலைந்துபோகும். புதுப் புரதம் செய்கிற பட்டறையும் தடுமாறும். 1993ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஈ கோலி என்ற குடல் கிருமியை அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சூடு பட்டால் என்ன தற்காப்புப் புரதங்களைச் செய்யுமோ அவற்றையும், குளிர் பட்டால் செய்பவற்றையும் அது ஒருசேரச் செய்தது. அதாவது, ஆபத்துக் காலத்துக்கென்று கிருமியின் மரபணுக்களில் ஒரு செயல்திட்டம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அடி விழுந்ததும் அந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. லிஸ்டீரியா என்ற கிருமியை வைத்து 2008லும் 2021லும் வெளியான ஆய்வுகளும் இதையே காட்டின. அழுத்தத்துக்குப் பின் எந்தெந்த மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன என்று பார்த்தார்கள். உடைந்ததைச் செப்பனிடும் மரபணுக்களின் வேலை கூடியிருந்தது.

தீ விபத்து நடந்த கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதலாளி வியாபாரத்தை நிறுத்திவிட்டு, கொத்தனாரையும் தச்சரையும் கூப்பிடுகிறார். கையில் நாள் இருந்தால் கடையைத் திறந்துவிடுவார். கிருமியும் அப்படித்தான். அதற்கு நாள் கொடுப்பதும் கொடுக்காததும் யார் கையில் இருக்கிறது? குளிர்பெட்டி வைத்திருக்கும் நம் கையில்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1997ல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆராய்ச்சியாளர்கள் ஈ கோலியை அழுத்தி, தப்பியவற்றை வளரவிட்டு, மறுபடி அழுத்தி, இப்படியே பல சுற்று செய்தார்கள். முடிவில், அழுத்தத்தை எளிதாகத் தாங்கும் வகைகளே கிடைத்துவிட்டன. 2002, 2003ல் நெதர்லாந்தில் லிஸ்டீரியாவிலும் இதைக் கண்டார்கள். அந்தக் கிருமியில் ஒரு மரபணு பூட்டுப்போல் இருந்து, செப்பனிடும் புரதங்களை வேண்டாத நேரத்தில் அடக்கிவைக்கிறது. அந்தப் பூட்டில் மூன்றே எழுத்து விடுபட்டுப்போன கிருமி, எப்போதும் அந்தப் புரதங்களைச் செய்துகொண்டே இருந்தது. அதனால் அழுத்தத்தையும் தாங்கியது, சூட்டையும் புளிப்பையும் கூடத் தாங்கியது.

ஆனால் அதற்கு விலையும் கொடுத்தது. நீந்திப்போகும் திறனை இழந்தது. நோய் உண்டாக்கும் வலுவும் குறைந்தது. பயந்துபோன முதலாளி பத்துக் காவல்காரரை வைத்துக்கொண்டு, கல்லாவில் உட்கார ஆள் இல்லாமல் தவிப்பது போல. ஆகவே ஊர் ஊராக அடங்காத கிருமி வந்துவிட்டது என்று யாரும் பீதி கிளப்ப வேண்டாம். இவை சோதனைச்சாலையில் கண்டவை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அழுத்தம் பாதிக் கிணறு. மீதிக் கிணற்றைத் தாண்டவைப்பது குளிர்.

மோப்பத்தில் தெரியாத ஆபத்து

என் கடையில் பாட்டில் உப்பியது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. உப்பும், பொங்கும், நாறும் என்றால் வாடிக்கையாளர் தூக்கி எறிந்துவிடுவார். லிஸ்டீரியா அப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை. நிறமும் மணமும் மாறாமலே பெருகும். குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது. குளிர் குறைந்தால் வேகமெடுக்கும். கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைகள், வயோதிகர்களைத்தான் அது அதிகம் தாக்குகிறது. தமிழர் பலர் வாழும் தென்னாப்பிரிக்காவில் 2017-18ல் போலனி என்ற இறைச்சிப் பண்டத்தின் மூலம் இக்கிருமி பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது அழுத்த முறையில் வந்த சரக்கு அல்ல. ஆனால் லிஸ்டீரியா எப்படிப்பட்டது என்பதற்கு அந்த ஒரு கணக்கு போதும்.

சரக்குக்குச் சரக்கு வித்தியாசமும் உண்டு. எலுமிச்சை, திராட்சைச் சாறு போன்ற புளிப்பானவற்றில் ஆபத்தான கிருமிகள் எளிதில் வளராது. இளநீர், பால், இறைச்சி ஆகியவற்றில் புளிப்பு குறைவு. மேலும், சில கிருமிகள் விதைபோல ஒடுங்கி, கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும். அந்த விதைகளை அழுத்தம் மட்டும் கொல்வதில்லை. புளிப்பில்லாத பண்டம் மூடிய பாட்டிலில் வெதுவெதுப்பாகக் கிடந்தால், அவை முளைத்துக் கொடிய விஷத்தைக் கக்கக்கூடும். தென்னை விளையும் ஊரில் இருக்கும் நாம் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதல் சில்லறைக் கடைக்காரர் வரை ஒவ்வொருவர் பொறுப்பையும் தனித்தனியே சொல்கிறது. தயாரிப்பாளர் சொன்ன பாதுகாப்பு விதிக்கு மாறாகச் சரக்கை வைத்திருந்தாலோ அனுப்பினாலோ மொத்த வியாபாரி, விநியோகஸ்தர் பொறுப்பு. காலாவதியானதை விற்றாலும், சுகாதாரமற்ற முறையில் வைத்திருந்தாலும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலும் விற்கிற நாம் பொறுப்பு. "பிரதிநிதி வாயால் சொன்னார்" என்பது எந்த அதிகாரி முன்னாலும் நிற்காது. பில் இல்லாத சரக்கை இறக்குவது தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதுதான்.

அதற்காகப் பாரம் முழுவதும் சிறு வணிகன் தலையில் விழுவதும் நியாயமல்ல. தொழிற்சாலையில் கோடி கோடியாகப் போட்டு இயந்திரம் வைக்கிறார்கள். அந்தச் சரக்கை மதிய வெயிலில் சாதாரண வேனில் கட்டி அனுப்பினால், அழுத்தியது எதற்கு? குளிர்பானக் கம்பெனி கொடுத்த பெட்டியில் இந்தச் சரக்கையும் அடுக்கச் சொல்கிறார்கள். சோடாவுக்குச் சில்லென்று இருந்தால் போதும். இந்தச் சரக்கின் லேபிளில் கேட்கும் குளிர் அந்தப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்தவர் யார்?

ஆகவே என் கருத்தைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, குளிரில் வைக்க வேண்டிய சரக்கைக் குளிர் வேனில் கொண்டுவந்தால்தான் இறக்குவது என்று நாம் கூட்டாக முடிவெடுக்க வேண்டும். பாட்டிலைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும். தனியொருவன் சொன்னால் ஏஜென்சி கேட்காது. சங்கம் சொன்னால் கேட்கும்.

இரண்டு, எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், மின்தடையில் கெட்டால் யார் ஏற்பது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம்.

மூன்று, நம் பக்கம். குளிர்பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானி வையுங்கள். பெட்டியைப் பிதுங்கப் பிதுங்க அடைக்காதீர்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். இரவில் சுவிட்சை அணைக்காதீர்கள். மின்செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் இந்தச் சரக்கை வாங்காமல் இருப்பதே மேல். வைக்க வழியில்லாததை விற்காமல் இருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நான் இப்போது சுவிட்சைத் தொடுவதில்லை. கரண்ட் பில் கூடியிருக்கிறது. அந்தப் பாட்டில்களின் லாபத்தில் பாதி அதற்கே போகிறது. போகட்டும். அந்தப் பெரியவர் இன்றைக்கும் என் கடைக்குத்தான் வருகிறார். பேரன் பிறந்ததும் கற்கண்டு வாங்கிப்போக வந்தவர், "உங்க கடையில வாங்கினா பயமில்லை அண்ணே" என்றார். முதல் போட்டு வாங்க முடியாதது அந்த ஒரு வார்த்தை. இராத்திரி பத்து மணிக்கு ஒரு சுவிட்சை அணைத்து அதை இழக்க வேண்டாம்.



- ஆத்தூர் மளிகை வணிகர்