வெடி வெடிக்காத ஊர்

தீபாவளிக்கு ஊர் செல்ல லீவும் ரயிலில் இடமும் கிடைக்காத நம்மவர்கள் பிம்ப்ரியிலேயே பண்டிகை கொண்டாடுகிறார்கள். கவுண்டரிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் முகங்களை ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம். அவர்களுக்குச் சிவகங்கைச் சீமையின் சிற்றூர் ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

திருப்பத்தூரை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி அது. இப்பகுதிக் கண்மாய்களில்தான் 1977-இல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அமைந்தது. நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், இராக்கொக்கு முதலியவை மழைக்காலத்தில் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை; கலியாணத்துக்கும் இல்லை, கோயில் திருவிழாவுக்கும் இல்லை. பல்லாண்டுகளாக இதுவே கட்டுப்பாடு. சத்தம் கேட்டால் வந்த விருந்தாளிகள் போய்விடும் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். வனத்துறையார் தீபாவளிக்கு இனிப்பு வழங்கி அவர்களைச் சிறப்பிக்கிறார்கள்.

சத்தம் பறவையை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். துணையை அழைப்பதும், இது என் எல்லை என்று அறிவிப்பதும், பருந்தைக் கண்டு எச்சரிப்பதும் குரலால்தான். அந்தக் குரல் காதில் விழாத இடத்தில் பறவை எப்படிக் குடித்தனம் நடத்தும்?

2012-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சோதனை நடந்தது. சாலையே இல்லாத மலைப்பகுதியில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, வாகன இரைச்சலை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். வண்டியுமில்லை, புகையுமில்லை. அப்படியும் பறவைகள் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. தங்கிவிட்ட பறவைகளிலும் சில மெலிந்தன. எதிரி வரும் அரவம் கேட்காததால் அவை அடிக்கடி தலை தூக்கிப் பார்த்தன. இரை கொத்தும் நேரம் குறைந்தது.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் கீழ்ச்சுருதியை விட்டு மேல்சுருதியில் பாடுவதை 2003-இல் கண்டறிந்தார்கள். பிரஸ் ஷாப்பில் வேலை செய்துவிட்டு வீட்டிலும் உரக்கப் பேசும் தொழிலாளியை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மனிதன் உறங்கும் நேரத்துக்கு அது சரி. கொக்கு அடைவதோ அந்தியில். நாம் சரவெடிக்குத் திரி கிள்ளும் நேரமும் அதுவே. பவனா ஆற்றங்கரை மரங்களை அந்நேரம் அண்ணாந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

வெடியை விட்டால் சிவகாசித் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பண்டிகையையே விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இவ்வாண்டு நமது சங்கங்கள் ஆற்றோர மரங்களின் பக்கம் வெடி வைப்பதில்லை என்று கமிட்டியில் தீர்மானம் செய்யட்டும். சரவெடிக்கு ஒதுக்கும் பணத்தில் புஸ்வாணமும் சங்குச் சக்கரமும் வாங்கட்டும். அவையும் சிவகாசிச் சரக்குதான்.