கேட்டு எழுதியவளுக்கு ஆறு மதிப்பெண்

சென்ற ஆண்டு ஒரு நடுநிலைப் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகைக்கு நடுவராகப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புக் கட்டில் இரண்டு தாள்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று நீர் மேலாண்மை பற்றியது. முன்னுரையில் ஒரு குறள், நடுவில் நான்கு உட்தலைப்புகள், முடிவுரையில் ‘காப்போம்’. அச்சடித்தது போன்ற கையெழுத்து. பத்துக்கு ஒன்பது. அடுத்த தாள், பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்று பதினொரு நாளாயிற்று என்று தொடங்கியது. காயில் கட்ட மெக்கானிக் எவ்வளவு கேட்டார், சத்துணவு ஆயா எந்தத் தெருக் குழாயிலிருந்து குடம் சுமக்கிறார் என்பதெல்லாம் அதில் இருந்தது. பதினேழு சிவப்பு வட்டங்களும் இருந்தன, பெரும்பாலும் ஒற்றுப்பிழைக்கு. ஆறு மதிப்பெண். ஓரத்தில் ‘முடிவுரை இல்லை’ என்று குறிப்பு வேறு.

செய்திக்கு ஏது முடிவுரை? முக்கியமானதை முதலில் சொல்லி, போகப்போகக் குறைந்ததைச் சொல்வதுதான் செய்தியின் கட்டு. பக்கத்தில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவார்கள். வெட்டிய பிறகும் மிச்சம் செய்தியாக நிற்க வேண்டும். அந்தச் சிறுமியின் தாளில் கடைசி இரண்டு பத்திகளைக் கையால் மறைத்துப் பார்த்தேன். நின்றது.

ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருந்த அளவுகோல் அது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடும் வந்தபோது, எழுத்துத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று பிரித்தார்கள். மனப்பாடத்துக்கு வெளியே பிள்ளைகள் செய்வதற்கும் மதிப்பு வேண்டும் என்றுதான் அந்த 40. ஆனால் அதற்குள்ளும் பழைய கட்டுரை ஏடுதான் வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே போனாலும் இதே கதை. உழவைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பொங்கல் மலரில் வெளியிடக் கோரி நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதச் சொல்வது பத்தாம் வகுப்பில் பழகிய கேள்வி. அனுப்புநர், பெறுநர், உறைமேல் முகவரி என்று உருப்படி உருப்படியாக மதிப்பெண் உண்டு. அந்தக் கட்டுரையை மட்டும் யாரும் கேட்பதில்லை!

நாளிதழ் எழுத்தை மதிப்பிட முதலில் பார்க்க வேண்டியது தொடக்க வாக்கியம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. முப்பது சொல்லில் வாக்கியத்தை இழுத்தால் என்ன நடந்தது என்பதற்கு வாசகர் முப்பதாவது சொல் வரை காத்திருக்க வேண்டும். பெரிய பத்திரிகைகளே இதில் சறுக்குகின்றன. 1942இல் மதுரையில் நாளிதழ் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், பின்னாளில் ‘இதழாளர் கையேடு’ என்றே ஒரு நூல் எழுதினார். பேச்சுக்கு அருகில் நிற்கும் தமிழையே அவர் வலியுறுத்தினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது இயல்பாகவே வரும். நாம்தான் ‘இன்றியமையாத’, ‘அளப்பரிய’ எல்லாம் சேர்க்கச் சொல்லிக் கெடுக்கிறோம்.

அடுத்தது, சொன்னவர் யார் என்பது. ‘கூறப்படுகிறது’, ‘தெரியவருகிறது’ என்று முடித்தால் சொன்ன ஆள் மறைந்துபோகிறார். ஒற்றுப்பிழைக்குப் போடும் வட்டத்தை இந்தச் சொற்களுக்குப் போடலாம். ‘வேண்டும்’ என்று முடியும் வாக்கியங்களையும் எண்ணிப் பாருங்கள். அவை மிகுந்தால் பிள்ளை செய்தியை விட்டு மேடை ஏறிவிட்டது என்று பொருள். ஒற்றைத் திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. பத்திரிகையிலும் பிழை திருத்துபவர் உண்டு. ஆனால் பிழைக்காக நிருபரின் செய்தியை யாரும் குப்பையில் போடுவதில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். நியாயம்தான். கல்வி உரிமைச் சட்டப்படியே ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர். தாளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். எல்லாவற்றையும் வரிவரியாகத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். ஒரு வாரம் முதல் பத்தியை மட்டும் பார்க்கலாம். இன்னொரு வாரம், பிள்ளைகளே ஒருவர் தாளை ஒருவர் பாதியாகச் சுருக்கட்டும். எதை வெட்டினார்கள் என்பதிலேயே புரிந்ததா என்று தெரிந்துவிடும்.

நான் மதிப்பெண் போடுவதாக இருந்தால் பத்தில் ஐந்தை நல்ல படிக்குத் தரமாட்டேன். குறிப்பு நோட்டுக்குத் தருவேன். யாரிடம் கேட்டது, எந்த நாள், என்ன பதில், அடித்துத் திருத்திய எண். இணையத்திலிருந்து எடுத்த கட்டுரைக்கு இப்படி ஒரு நோட்டு இருக்காது. நோட்டைத் திறந்து ஒவ்வொரு தகவலுக்கும் ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்டாலே போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உண்மையாகவே விசாரிக்கும் பிள்ளை, பள்ளிக்குப் பிடிக்காததையும் கண்டுபிடிக்கும். மரம் வளர்ப்பும் நெகிழி ஒழிப்பும் ஆண்டுதோறும் தலைப்பாக வருவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? அவற்றால் யாருக்கும் சங்கடமில்லை. ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்கென்று ‘தேன்சிட்டு’ இதழைக் கல்வித் துறையே நடத்துகிறது. எழுத இடம் இருக்கிறது. மோட்டார் பழுது அங்கே போகுமா என்பது தலைமையாசிரியரின் மேசையில்தான் முடிவாகும். அன்று அறிவிப்புப் பலகையில் நீர் மேலாண்மைதான் ஏறியது.

புறப்படும்போது அந்தச் சிறுமியிடம் கேட்டேன், பதினொரு நாள் என்று எப்படி எழுதினாய் என்று. ‘‘என் பொறந்தநாள் அன்னிக்குத்தான் சார் நின்னுச்சு. அன்னிலேர்ந்து எண்ணினேன். ஆயாகிட்டயும் கேட்டேன், அவங்க பன்னெண்டுன்னாங்க. காலண்டர்ல பார்த்தோம், நான் சொன்னதுதான் சரி.’’