நாலாவது கால்வாய்

"இதை நீதானேப்பா பண்ணினே?"

வடக்குச் சித்திரை வீதி மாமி நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். மேல் கடைவாய்ப் பல். இரண்டு வருஷத்துக்கு முன் நான்தான் ரூட் கேனல் செய்து கேப் போட்டிருந்தேன். இப்போது கடித்தால் வலி. ஈறில் அரிசி அளவுக்குக் கொப்புளம். "ஆமாம் மாமி, நான் பண்ணினதுதான்" என்றேன்.

அந்தப் பல்லைச் செய்தபோது என்னிடம் மைக்ரோஸ்கோப் இல்லை. இப்போது இருக்கிறது. கேப்பைக் கழற்றி, பல்லின் உட்தரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர் வெளிர் மஞ்சள், தரை சாம்பல். நான் முன்பு அடைத்த மூன்று கால்வாய்களின் வாய்களும் தெரிந்தன. முன்பக்க வாயிலிருந்து அண்ணம் பக்கமாக முடி போல ஒரு கோடு ஓடி, ஒரு சின்ன டென்டின் மேட்டுக்கு அடியில் மறைந்தது. மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். 8ஆம் எண் ஃபைல் உள்ளே இறங்கியது. அதன் முனை 0.08 மில்லிமீட்டர். நாலாவது கால்வாய், அழுகிய சதையோடு அங்கேயே இருந்திருக்கிறது.

அந்தப் பல்லில் இது அபூர்வம் இல்லை. பாதிப் பேருக்கு மேல் அதன் முன்பக்க வேரில் இரண்டு கால்வாய்கள் உண்டு. ஆனால் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகளை வெறும் கண் ஒன்றாகத்தான் காணும். அனுபவமும் கைப்பழக்கமும் அந்த இடத்தில் உதவாது.

என் அப்பா உறையூரில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். திருச்சிக் கல் என்றால் ஊர் ஊராக மதிப்பு இருந்த காலம். எத்தனை அவசரம் என்று வியாபாரி வந்து நின்றாலும், லென்ஸில் பார்க்காமல் ஒரு கல்லையும் கையை விட்டு அனுப்பமாட்டார். அவர் மகன், உயிருள்ள பல்லை வெறும் கண்ணை நம்பிப் பதினைந்து வருஷம் குடைந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

காது மருத்துவர்கள் 1921லேயே ஸ்டாக்ஹோமில் மைக்ரோஸ்கோப் வைத்து அறுவை செய்யத் தொடங்கிவிட்டார்கள். பல்லுக்கு அது வர அறுபது வருஷம் ஆயிற்று. வந்த பிறகும் வேர் சிகிச்சை நிபுணருக்கான கருவி என்றே ஒதுக்கி வைத்தோம். நானும் முதல் ஆறு மாதம் கஷ்டமான கேஸுக்கு மட்டும்தான் இழுத்தேன். அது தவறு. பாக்கு கடித்து விரிசல் விட்ட பல், பழைய அடைப்பின் ஓரத்தில் தொடங்கும் சொத்தை, கேப் ஈறைத் தொடும் விளிம்பு, இவையெல்லாம் தினமும் வருகிறவைதானே? பார்வை போகும் வழியிலேயே வெளிச்சமும் போவதால் நிழல் விழுவதில்லை. எவ்வளவு சொத்தை என்று தெரிவதால் நல்ல பல்லை வீணாகக் குடைவதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்வதால் என் கழுத்து வலியும் குறைந்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக் கையை நகர்த்தப் பழகும்வரை வேலை மெதுவாகத்தான் நடக்கும். இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

மாமிக்கு டிவி திரையில் அந்த நாலாவது வாயைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அன்னிக்கு இது கண்ணுல படலையா?" என்றார். "படலை மாமி." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறு சிகிச்சைக்கு நான் பணம் வாங்கவில்லை. சில வாரங்களில் கொப்புளம் வற்றியது.

மைக்ரோஸ்கோப்பின் விலை பல லட்சம். எல்லா டாக்டராலும் உடனே வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கற்கும் இடத்தில் இது இருந்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் வேர் சிகிச்சை மேற்படிப்புக்கு மைக்ரோஸ்கோப் பயிற்சியை 1990களின் இறுதியிலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 2023ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாங்கள் சிகிச்சை செய்யும் முதல் கடைவாய்ப் பல்லை மைக்ரோஸ்கோப் வழியாகவே திறந்து பழகும்படி அரசு செய்துதர வேண்டும்.