அமாவாசையில் வாய்க்கால் எதிர்த்து ஏறுவது ஏன்?

“எங்கள் வயல் வேதாரண்யம் பக்கம், கடைமடையில் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வடிகால் வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. மழையில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தாலும் ஷட்டரைத் திறக்கப் பயமாக இருக்கிறது. அமாவாசை கழியும்வரை மூடியே வைப்பதுதான் வழியா?”

- வாசகர் ஒருவர், நாகப்பட்டினம் மாவட்டம்.

முழுக்க மூடி வைக்க வேண்டாம். வயல் நன்றாக வடியும் நேரமும் அதே நாட்களில்தான் வருகிறது.

கடல்நீரைச் சந்திரன் இழுக்கிறது. சந்திரனைப் பார்த்த பக்கத்தில் நீர் மேடாகிறது. எதிர்ப்பக்கம் இழுப்பு குறைவு என்பதால் அங்கேயும் ஒரு மேடு நிற்கிறது. பூமி சுற்றும்போது நம் கரை இந்த இரண்டு மேடுகளையும் கடக்கிறது. அதனால்தான் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். சூரியனும் இழுக்கிறது. ஆனால், அது வெகுதூரத்தில் இருப்பதால் அதன் பங்கு சந்திரனுடையதில் பாதிக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன. இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஏற்றம் கூடுகிறது. அதே அளவுக்கு வற்றமும் ஆழமாகப் போகிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான். அஷ்டமி, நவமி வாக்கில் உப்பு உள்ளே வருவது குறையும். ஆனால், கடல் அவ்வளவாக இறங்காததால் வயலும் மெதுவாகத்தான் வடியும்.

நாகப்பட்டினம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் பாவ்நகரில் அது 10 மீட்டரைத் தாண்டும். ஆனாலும், டெல்டாவின் கடைசி நிலம் தட்டையானது. அரை மீட்டர் ஏறினாலே உப்புநீர் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். போதாததற்கு, ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையோரம் கடல்மட்டமே சற்று உயர்ந்துதான் இருக்கும். சம்பா மூழ்குவதும் அப்போதுதான்.

ஆகவே, திதியோடு மணியையும் பார்க்க வேண்டும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இன்று காலை 9 மணிக்கு உச்சம் என்றால், மாலை 3 மணிக்குச் சற்றுப் பின் கடல் நன்றாக வற்றியிருக்கும். இரவு 9.25-க்கு மறுபடி உச்சம். நாளை காலை அது 9.50 ஆகிவிடும். தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். கடல் முகத்திலிருந்து தூரம் கூடக்கூட, வாய்க்காலில் நேரம் இன்னும் தாமதமாகும். ஏறுவதைவிட வடிவதற்கு அதிக நேரம் பிடிக்கும். அதனால் அடையாளக் கோடு போட்ட குச்சி ஒன்றை ஷட்டருக்கு வெளிப்பக்கம் நட்டு, இரண்டு நாள் பார்த்து எழுதி வைத்தால் போதும். வெளியில் உள்ள நீர்மட்டம் உள்ளே இருப்பதைவிடத் தாழ்ந்ததும் திறக்கலாம். சமமாகும் முன்பே மூடிவிட வேண்டும். பெரிய ஷட்டர்கள் நீர்வளத் துறை வசம் இருப்பதால், எழுதிய நேரத்தை லஸ்கரிடம் கொடுத்துப் பேசிவைப்பது நல்லது. இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையும் உதவும்.

சில அமாவாசைகளில் மட்டும் ஏற்றம் மிகுதியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சந்திரன் ஒரே தூரத்தில் நிற்பதில்லை. சுமார் 3,63,000 கி.மீ. வரை நெருங்கி வரும், 4,05,000 கி.மீ. வரை விலகியும் போகும். நெருங்கி வரும் நாள் அமாவாசையோடு சேர்ந்தால் கரையைக் கூடுதலாக உயர்த்த வேண்டியிருக்கும்.

புயலுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கஜா கரையைக் கடந்த 2018 நவம்பர் 16-ல் வானத்தில் பாதி நிலாதான்; ஏற்றம் குறைந்திருக்க வேண்டிய நாள். இருந்தும் காற்று கடலை ஊருக்குள் தள்ளிவிட்டது. அதேபோல, 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான் என்றாலும், சுனாமிக்குக் காரணம் சுமத்ரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கம்.

உப்புநீர் ஒருமுறை ஏறிவிட்டால், அடுத்த வற்றத்தில் முழுக்க வடித்துவிட்டு, நல்ல தண்ணீரோ மழைநீரோ கட்டி மீண்டும் வடிக்க வேண்டும். நெல், நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் உப்புக்கு அதிகம் பயப்படும். வாய்க்கால் நீரின் இ.சி. அளவு 2-க்கு மேல் இருந்தால் நாற்றங்காலுக்குப் பாய்ச்ச வேண்டாம்.