ஒரே லாட்டுக்கு இரண்டு பேர்

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் பொறுமையாகப் படியுங்கள்.

என் தம்பி மகள் எம்.சி.ஏ. முடித்தவள். பெரிய கம்பெனிகளின் சர்வரில் ஓடும் ஜாவா புரோகிராம் எழுதக் கற்றால் வேலை நிச்சயம் என்று யாரோ சொல்ல, வெளியூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் நான்கு மாதம் படித்தாள். கட்டணத்துக்கு அவள் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. போன மாதம் இன்டர்வியூவில் தோற்று தேவாரம் திரும்பினாள். "படிச்சது போதும், மாப்பிள்ளை பாப்போம்" என்றான் தம்பி.

நான் அவளிடம் கேட்டேன்: "அங்க என்னதாம்மா கேட்டாங்க?"

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒரே பொருளைக் கேட்டா உன் புரோகிராம் என்ன செய்யும்னு கேட்டாங்க அத்தை. நோட்ஸ்ல அது இல்ல."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். டிரான்ஸாக்ஷன் வகைகள் ஆறு என்று போட்டிருந்தது. ரிக்வயர்டு, ரிக்வயர்ஸ் நியூ, மேண்டேட்டரி, சப்போர்ட்ஸ், நாட் சப்போர்ட்டட், நெவர். ஆறையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எது எதற்கு என்றால் பதில் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பதினாறாம் வாய்ப்பாட்டை உங்களை ஒப்பிக்க வைத்தவள்தானே நானும்!

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். கம்ப்யூட்டர் பாடம் எனக்குத் தெரியாது. "நீ எனக்குச் சொல்லிக் கொடு. எனக்குப் புரிஞ்சா உனக்கும் புரிஞ்சதுன்னு அர்த்தம்" என்றேன். ஒரு மாதம் திண்ணையில் உட்கார்ந்தோம். நான் புரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் கண்ணில் படுவது போனின் திரை மட்டும். விதியைச் சரிபார்ப்பது, கணக்குப் போடுவது, பதிந்து வைப்பது எல்லாம் எங்கோ இருக்கும் சர்வரில் நடக்கிறது. அந்தத் தொழில் விதிகளைத் தனித்தனிப் பாகங்களாக எழுதி வைக்க ஜாவாவில் வந்த ஒரு முறைதான் எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ். சுருக்கமாக ஈ.ஜே.பி. அந்தப் பாகங்களைக் கண்டெய்னர் என்ற ஒன்று மேய்க்கும். யாருக்கு அனுமதி, எத்தனை பேரை ஒரே நேரத்தில் கவனிப்பது என்பதெல்லாம் அதன் பொறுப்பு.

பாகங்களில் வகை உண்டு. "ஸ்டேட்லெஸ்" என்பது தபால் ஆபீஸ் கவுண்டர் மாதிரி. முன்னால் வந்தவரை நினைவில் வைக்காது, அடுத்தவரைக் கவனிக்கும். "ஸ்டேட்ஃபுல்" என்பது மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. ஒருவருடைய கணக்கை முடியும்வரை வைத்திருக்கும். மூன்றாவது வகை தபால் பெட்டி மாதிரி. கடிதத்தைப் போட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம், உள்ளே இருப்பவர் எடுத்துச் செய்வார்.

இதுவரை சுலபம். அந்த இன்டர்வியூ கேள்விக்கு வந்தபோதுதான் எனக்குப் போடி ஏலக்காய் ஏலம் நினைவுக்கு வந்தது. ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லாட் லாட்டாக விலை கேட்கிறார்கள். வாயால் கூவிக் கேட்ட காலத்தில் யார் முந்தினார் என்பதை ஏலம் விடுபவர் காதால் கேட்டுச் சொல்லிவிடுவார். இப்போது அதைச் சர்வர் சொல்ல வேண்டும்.

"அதையே எழுதிப் பாரேன்" என்றேன். ஒரு வாரத்தில் சின்னதாக ஓர் ஏலம் தயார் செய்தாள். நானும் தம்பியும் ஆளுக்கொரு போனில் ஒரே நொடியில் 2,500 ரூபாய் என்று அழுத்தினோம். இரண்டு போனிலும் "லாட் உங்களுக்கே" என்று வந்தது!

எஸ்டேட் முதலாளியோடு பல தடவை ஏலத்துக்குப் போய்வந்த தம்பி சிரித்துவிட்டான். "ஒரே மூட்டையை ரெண்டு பேருக்கு வித்தா அங்க அடிதடி ஆயிரும்."

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. இரண்டு பேருக்கான வேலையும் பழைய விலையான 2,400-ஐப் படித்துவிட்டு, ஒன்றையொன்று அறியாமல் எழுதியிருக்கின்றன. அப்புறம் அவளே திருத்தினாள். ஒவ்வொரு லாட்டின் பதிவிலும் ஓர் எண் வைத்தாள். படிக்கும்போது எண் 5 என்றால், எழுதும்போதும் 5 தானா என்று சர்வர் பார்க்கும். இடையில் வேறொருவர் எழுதி 6 ஆகியிருந்தால் இரண்டாவது ஆளின் விலையை ஏற்காது. லாட்டை அவர் பெயரில் எழுதுவதும் பணத்தை அவர் கணக்கில் எழுதுவதும் ஒன்றாக நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. அதுதான் டிரான்ஸாக்ஷன். அவள் ஒப்பித்த ஆறு பெயர்களும் இந்தக் காவலை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதற்கான ஏற்பாடுகள்தாம்.

ஒப்பித்தால் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈ.ஜே.பி. முதலில் வெளிவந்தது 1998-ல். ஒரு சின்ன வேலைக்கே நாலைந்து கோப்பு எழுத வேண்டியிருந்ததாம். அந்தச் சுமை பிடிக்காதவர்களுக்கு 2004-ல் ஸ்பிரிங் என்ற மாற்று வந்தது. 2006-ல் ஈ.ஜே.பி.யையே எளிமையாக்கினார்கள். பிறகு எக்லிப்ஸ் அமைப்பின் கைக்குப் போய், ஜகார்த்தா என்று பெயரே மாறிவிட்டது. 2020-ல் புரோகிராமுக்குள் எழுதும் பெயர்களும் மாறின. பெயரை மனப்பாடம் செய்தவர்கள் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு லாட்டை இரண்டு பேருக்கு விற்கக் கூடாது என்ற விதி அன்றும் இன்றும் ஒன்றுதான்.

"இன்டர்வியூ இங்கிலீஷில்தானே, தமிழில் படித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்பீர்கள். இங்கிலீஷ் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் புரிந்ததை இங்கிலீஷில் சொல்லப் பழகிக்கொள்ளலாம். புரியாததை எந்த மொழியில் சொல்வது? தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறது. கிராமத்துப் பிள்ளைக்கு இந்த வேலை வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஏலம், கூட்டுறவு சங்கம், ரேஷன் கடை, சீட்டு என்று தொழில் விதிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள்.

பெற்றோரே, பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை சொந்தமாக ஒன்று செய்து, அது தப்பாகி, தானே திருத்துமா?" பதில் மழுப்பலாக இருந்தால் வளையலைக் கழற்றாதீர்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் மாணவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நம் ஊர்ப் பிள்ளை ஒன்றுக்குப் போனில், தமிழில், நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லிக் கொடுங்கள். யார் யாரால் முடியும் என்று கீழே எழுதுங்கள், நான் பட்டியல் போட்டு இணைத்து விடுகிறேன்.

தம்பி மாப்பிள்ளை பார்ப்பதை ஆறு மாதம் தள்ளி வைத்திருக்கிறான். வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. அவள் அடுத்த இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள். வாழ்த்துங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், தேவாரம்