கணக்கில் காட்டும் பணம்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மகளுக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. "விசாவுக்குக் காட்ட ஆறு லட்சம் குறையுது டீச்சர். பேங்க் ஸ்டேட்மெண்ட் தயார் பண்ணித் தர்றேன்னு ஏஜெண்ட் சொல்றார்" என்றான்.

வேண்டவே வேண்டாம் என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். படிப்புக் கட்டணமும் தங்கும் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால் 10 ஆண்டுவரை விசா கிடையாது. ஏஜெண்டுக்கு என்ன? விண்ணப்பத்தில் இருப்பது பிள்ளையின் பெயர்; தடையும் பிள்ளைக்குத்தான்.

பணம் போதவில்லையா? வங்கியின் கல்விக் கடன் கடிதத்தைக் காட்டலாம். அதற்கும் நேரமில்லையென்றால், பல பல்கலைக்கழகங்களில் ஜனவரியிலும் சேர்க்கை உண்டு. நான்கு மாதம் பொறுத்தால் குடி முழுகிவிடாது.

ஐந்தாம் வகுப்பில், வீட்டுப்பாடம் எழுதாத அன்று "எழுதலை டீச்சர்" என்று தானாக எழுந்து நின்ற பையன் அவன். அதை நினைவுபடுத்தினேன். தலையைக் குனிந்து சிரித்தான். மறுநாளே வங்கிக்குப் போயிருக்கிறான்.

விண்ணப்பத்தைப் பிள்ளைகளே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள்.