பட்டையைக் கழற்றிய பிறகு

2001 செப்டம்பர் 11. நள்ளிரவு தாண்டிய நேரம், நியூ ஜெர்சியில் இடி மின்னலுடன் மழை. வெஸ்ட்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு வீட்டில் ரோஸெல் என்ற லாப்ரடார் நாய் நடுங்க ஆரம்பித்தது. இடியென்றால் அதற்கு ஆகாது. மைக்கேல் ஹிங்ஸன் தூக்கத்திலிருந்து எழுந்து அதை வீட்டின் நிலவறைக்கு அழைத்துப்போனார். புயல் அடங்கும்வரை கூடவே இருந்தார். ஹிங்ஸன் பிறவியிலிருந்தே பார்வையற்றவர். ரோஸெல் அவருடைய வழிகாட்டி நாய். விடிந்ததும் இருவரும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினார்கள். அலுவலகம் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில், 78வது மாடி.

காலை 8.46க்கு விமானம் மோதியபோது ரோஸெல் மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு 1,463 படிகள். விமான எரிபொருளின் நெடி மூக்கைத் துளைக்க, இடிக்கு நடுங்கிய அதே நாய் பதறாமல் இறங்கிற்று. வெளியே வந்து நடக்கும்போது தெற்குக் கோபுரம் சரிந்தது. புழுதியில் கண்ணுள்ளவர்களுக்கே வழி தெரியவில்லை.

இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஹிங்ஸனே 2011இல் புத்தகமாக எழுதினார். ரோஸெலுக்கு 2002இல் பிரிட்டனின் டிக்கின் பதக்கமும் கிடைத்தது. என் மனதில் தங்கியது வேறொன்று. அன்று வீடு வந்து சேர்ந்து பட்டையைக் கழற்றியதும் ரோஸெல் ஓடிப்போய் ஒரு விளையாட்டுச் சாமானைக் கவ்விக்கொண்டு வந்து லின்னியுடன் இழுபறி விளையாடத் தொடங்கிவிட்டதாம். லின்னி, ஹிங்ஸனின் முந்தைய வழிகாட்டி. ஓய்வு பெற்று அதே வீட்டில் இருந்த கிழட்டு நாய். அலுவலகம் தரைமட்டமாகிவிட்டது, நாய்க்கு டியூட்டி முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பட்டை என்று எழுதிவிட்டேன். 'ஹார்னஸ்' என்பதற்குத் தமிழில் வார்த்தை தேடி அரை நாள் வீணாயிற்று. சேணம் என்றால் குதிரைச் சவாரி ஞாபகம் வருகிறது. கடிவாளம் என்றால் வாயில் இரும்பு. இது இரண்டும் இல்லை. மார்பையும் முதுகையும் சுற்றிய பட்டை, அதன்மேல் விறைப்பான ஒரு கைப்பிடி. நாய் திரும்புவதும் தயங்குவதும் நிற்பதும் அந்தப் பிடி வழியாக மனிதனின் கைக்குத் தெரிந்துவிடும். எங்கே போக வேண்டும் என்பது நாய்க்குத் தெரியாது. அது எஜமானரின் கணக்கு. பள்ளம், படி, தலையில் இடிக்கும் கிளை, எதிரே வரும் கார் இவையெல்லாம் நாயின் பொறுப்பு. 'போ' என்றாலும் கார் வந்தால் போகக் கூடாது. கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் இருக்கவும் பழக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் இதற்குப் பெயர் திமிர்.

பட்டை ஏறியிருக்கும்போது யாரும் அதைத் தொடக் கூடாது, தின்பண்டம் தரக் கூடாது. கழற்றிவிட்டால் அது வெறும் நாய். செருப்பைக் கவ்வும், சோபாவுக்கு அடியில் குறட்டை விடும், சமையலறை வாசலில் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். இந்தச் சோகத்துக்குக் காரணம் உண்டு. லாப்ரடார்களில் சிலவற்றுக்குப் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு குறைவு, பசி அடங்குவதில்லை. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்கு இந்தக் குறை இருந்தது. அவர்கள் சோதித்த உதவி நாய்களிலோ நாலில் மூன்றுக்கு! தீனிக்கு ஆசைப்படுகிற நாய்தான் பழக்குவதற்குச் சுலபம் என்பது அவர்களுடைய ஊகம்.

ஆகவே வீட்டில் வேலை மனிதனுக்கு. தினமும் அளந்து சோறு போட வேண்டும். ரோமத்தைச் சீவிவிட வேண்டும். கண் பார்க்காததைக் கைகள் பார்க்கின்றன: எங்கே கட்டி, எங்கே காயம், எங்கே எடை கூடியிருக்கிறது. அறைக்குள் நாய் எங்கே என்று தெரிவதற்காகக் கழுத்தில் சின்ன மணி கட்டுகிறவர்கள் உண்டு. வேளை தவறாமல் வெளியே கூட்டிப்போக வேண்டும். நாயின் முதுகு வளைவதைக் கையால் தடவியறிந்து, அது உட்கார்ந்த இடத்தைக் கண்டு, கையில் பையை மாட்டிக்கொண்டு அள்ளுகிறார்கள். கண்ணுள்ள நாம் கரோல்பாக் நடைபாதையில் எதையெல்லாம் தாண்டிப் போகிறோம் என்பது தனிக் கட்டுரை.

தில்லியில் எனக்குப் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார், தமிழாசிரியர். இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். செக்குமாடு மாதிரி ஒரு பிராணியைச் சுற்றவிடுகிறார்களே என்று எனக்குள் இருந்த உறுத்தலையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மாட்டுக்குச் சாயந்திரம் விளையாட்டுச் சாமானா குடுக்கறாங்க? அதை விடுங்க. இங்கே நாயோட நான் தெருவிலே இறங்கினா தெருநாய்ங்க விடுமா? நடைபாதை எங்கே இருக்கு? என் தடி அஞ்சு மடிப்பு. மடிச்சு ஆணியிலே மாட்டினா அன்னிக்கு வேலை முடிஞ்சுது. அதுக்குச் சோறு வேண்டாம், இடிக்குப் பயப்படாது."

கொஞ்சம் பொறுத்து, "வயசானா எங்கே போகும்?" என்று கேட்டார்.

பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதில் ஓய்வு. சிலர் தம்மோடே வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு நாயையும் சேர்த்துப் பராமரிக்க முடியாதவர்கள் உறவினரிடமோ, குட்டியாக இருந்தபோது அதை வளர்த்த குடும்பத்திடமோ கொடுக்கிறார்கள். ஓய்வு பெற்றதை நாய்க்கு எடுத்துச் சொல்ல வழியில்லை. காலையில் பட்டை வேறொரு நாயின் முதுகில் ஏறுகிறது. ரோஸெலுக்கு ரத்தத் தட்டணுக்கள் குறையும் நோய் வந்து 2007இல் பட்டை கழன்றது. அது ஹிங்ஸன் வீட்டிலேயே இருந்தது. 2011 ஜூன் 26இல் இறந்தது.

இதையும் சொன்னேன். நண்பர் ஆணியில் தொங்கிய தடியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கிழ நாயோட இழுத்து விளையாடிச்சே, அந்த இடத்தை இன்னொரு தடவை படிங்க" என்றார்.